ஆறு புள்ளி வெயில்

குளுகோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு நூற்று நாற்பத்தாறு இருந்தது. சித்தி அதைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார்.

அந்தப் பிரசவ விடுதியில் நான்கு கட்டில், ஒரு நீள மேசை, வியாழக்கிழமை மட்டும் வரும் ஒரு டாக்டரம்மா, மற்ற எல்லா நாளும் இருக்கும் சித்தி. அவர் அவளுடைய அம்மாவின் தங்கை; விடுதியின் தலைமை நர்ஸ். வலியில் கிடப்பவர்களிடம் சித்தி பேசிக்கொண்டே இருப்பார். பக்கத்து வீட்டுச் சண்டை, காணாமல் போய் மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்ற சைக்கிள், எதுவானாலும் சரி. நடுவில் வலி நுழைந்தால், "கொஞ்சம் பொறு, கதையை முடிச்சிடறேன்" என்று வலியையே வாசலில் காக்க வைப்பாராம். அவளுக்குக் குழந்தை பிறக்கும்போது அந்தக் குரல் காதருகில் இருக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். பெட்டியில் குழந்தைத் துணி மடித்து வைக்கும்போதெல்லாம் சித்தி என்ன கதை சொல்லப்போகிறார் என்று யோசிப்பாள்.

ஆனால் சர்க்கரை கோட்டைத் தாண்டியவர்களுக்கு அங்கே பிரசவம் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்ச் சேரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். விதியை எழுதியவர் யாரோ; கட்டிக் காப்பவர் சித்தி.

"பத்து நாள் தர்றேன், திரும்ப எடுப்போம்," என்றார். "அப்பவும் தாண்டினா, ஒரே ஒரு புள்ளின்னாலும் சரி, நானே கையைப் பிடிச்சு பஸ் ஏத்திவிட்டுடுவேன். அக்கா பொண்ணுன்னெல்லாம் பார்க்க மாட்டேன்."

பார்க்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவர் குரல் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

அவள் கணவன் வாழைப்பழக் கிடங்கில் வேலை பார்த்தான். பச்சையாக வந்திறங்கும் காய்களைக் கடைக்குப் போகிற நாளுக்குச் சரியாக மஞ்சளாக்கித் தருவது அவன் தொழில். பதினான்கு டிகிரியில் காய் தூங்கும். பதினெட்டுக்கு ஏற்றி, காஸ் காட்டினால் விழித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகும். சூடு இன்னும் ஏறினால் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே குழைந்துபோகும். உலகத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் அது எத்தனை டிகிரி என்று சொல்லாமல் விடமாட்டான் என்பதால் கிடங்கில் அவனுக்கு டிகிரி என்றே பெயர். பரம்பரையிலேயே யாரும் வாங்காத பட்டம் என்று அவனும் அதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டிருந்தான்.

அவளோ சலவைக் கூடத்தில் ஓட்டல் விரிப்புகளை இஸ்திரி போடுபவள். ஆவி கிளம்பும் உருளைக்குள் ஈர விரிப்பை ஊட்டி, மறுபக்கம் சூடாக வாங்க வேண்டும். டிகிரி ஒருநாள் தன் கருவியைக் கொண்டுவந்து அளந்து பார்த்து, நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு மூக்கில் விரலை வைத்தான். ஆக, ஒரே வீட்டிலிருந்து ஒருவன் குளிர்காலத்துக்கும் ஒருத்தி கோடைக்கும் தினமும் வேலைக்குப் போய் வந்தார்கள். மாலையில் வீடு திரும்பினால் அவனுக்கு உடம்பு கொதிக்கும். அவளுக்குத் தென்றல் அடிக்கும். மின்விசிறியின் வேகத்தைப் பற்றி அவர்களுக்குள் ஒரு நாளும் சமாதானம் ஏற்பட்டதில்லை.

நூற்று நாற்பத்தாறு என்று கேட்டதும் டிகிரி அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு, துப்பறிந்து முடித்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாவு சர்க்கரையாகறது சூட்டுலதான். நீ நாள் பூரா நாப்பத்தொண்ணுல நிக்கிற. பழுக்காம என்ன செய்யும்?"

"நான் என்ன வாழைக்காயா?"

"உடம்புதானே. அதுவும் உடம்பு, இதுவும் உடம்பு."

அவள் சிரித்தாள். ஆனால் வேறு யாரும் அவளுக்கு ஒரு காரணமும் சொல்லவில்லை, இவன் ஒருவன் சொல்லியிருக்கிறான். மறுநாள் வேலை முடிந்ததும் கிடங்குக்குப் போனாள்.

மூன்றாம் அறை காஸ் விடாத அறை. காய்கள் தூங்குவதற்கு மட்டும் உள்ளது. அதில் அவன் கண்டிப்பாக இருந்தான். பழுக்க வைக்கும் அறைகளின் பக்கம் அவளைத் திரும்பிப் பார்க்கவும் விடவில்லை. அவனுடைய பஞ்சு வைத்த சட்டையைப் போட்டு, காலுக்கு இரண்டு ஜோடி காலுறை மாட்டி, ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார வைத்தான். கூரை வரை அடுக்கிய பெட்டிகளின் ஓட்டைகள் வழியே பச்சைக் காம்புகள் எட்டிப் பார்த்தன. எங்கோ ஒரு விசிறி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. பேரணிக்குக் கூடிய கூட்டம் மொத்தமும் நின்றபடியே தூங்கிவிட்டது போலவும், தான் மட்டும் விழித்திருப்பது போலவும் அவளுக்குத் தோன்றியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் மூச்சு வெள்ளையாகத் தெரிகிறதா என்று ஊதிப் பார்த்தாள். தெரியவில்லை. அதற்கு இன்னும் குளிர வேண்டும் என்று அன்று மாலை டிகிரி விளக்கினான்.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டார்கள். மாட்டிவிட்டது டிகிரியின் நேர்மை.

கிடங்கில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பதிவுத்தாள் உண்டு. கதவு திறந்தால் ஏன் திறந்தது, உள்ளே என்ன போயிற்று என்று எழுதியே ஆக வேண்டும். அதில் பொய் எழுதினால் வெப்பக் கணக்கே குலைந்துவிடும் என்பது அவன் கொள்கை. ஆகவே அவன் எழுதியிருந்தான்: 'அறை 3. பெட்டி நானூற்றிருபது. பச்சை. 14.2 டிகிரி. கூடுதலாக ஒரு மனைவி.'

சூப்பர்வைசர் அந்தத் தாளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். பெட்டி தூக்குபவர்கள் சிரித்து அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் அவர் அடுத்த கட்டத்தைக் காட்டினார்.

"டெலிவரி தேதி போடலையே?"

"இன்னும் பதினொரு வாரம் இருக்கு சார்," என்றான் டிகிரி.

வெளியாட்கள் குளிர் அறைக்குள் உட்காருவது இன்றோடு சரி என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். முதலில் டாக்டரைக் கேளுங்கள் என்றும் சொன்னார். மறுநாள் வியாழக்கிழமை.

டாக்டரம்மா சின்ன வயது. சிரிப்பதற்கு முன் யோசிப்பவர். டிகிரி தன் வாழைக்காய் வாதத்தை முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டார். பின்னால் நின்ற சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"காரணம் மொத்தமும் தப்பு," என்றார் டாக்டரம்மா. "ஆனா வந்து நின்ன இடம் அவ்வளவு தப்பு இல்லை."

உடம்பு வாழைக்காய் இல்லை, அடுப்பு என்று அவர் விளக்கினார். லேசாகக் குளிர்ந்தால் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அது சர்க்கரையையும் கொழுப்பையும் எடுத்து எரிக்கிறது. அதற்கென்றே சில பேர் உடம்பில் பழுப்பு நிறக் கொழுப்பு கொஞ்சம் இருக்கிறது. வெளியே எப்போதும் சூடாக இருந்தால் அந்த வேலைக்குத் தேவை இல்லை, அடுப்பு சோம்பிவிடுகிறது. சூட்டில் நாமும் சோம்பிவிடுகிறோம், நடப்பதில்லை, சரியாகத் தூங்குவதில்லை. போதாததற்கு, வெயில் நாளில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால் கையில் எடுக்கும் ரத்தத்தில் அந்த இரண்டாம் மணி எண்ணே கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். பல இடங்களில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைக் கவனித்தவர்கள், வெயில் மாதங்களில் கோட்டைத் தாண்டுகிறவர்கள் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள்.

சித்தி இதைக் கேட்டதும் வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். வெயில் மாதப் பக்கங்களில் சிவப்பு கொத்துக் கொத்தாக இருந்தது. குளிர் மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். எழுதியது அத்தனையும் அவர் கை. இத்தனை வருஷமாக அவருக்கே அது கண்ணில் படவில்லை.

"அப்போ என்னோட ஆறு புள்ளியும் வெயிலா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியாது. ஆறும் வெயிலா இருக்கலாம். ஒண்ணுகூட இல்லாமலும் இருக்கலாம். பங்கு இருக்கலாம்னுதான் என்னால சொல்ல முடியும்."

குளிர் அறை வேண்டாம் என்றார். சர்க்கரை உள்ள சிலரைப் பதினான்கு, பதினைந்து டிகிரியில் தினமும் சில மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்ததில் உடம்பு சர்க்கரையை நன்றாகக் கையாண்டதாம். ஆனால் கர்ப்பிணிகளை வைத்து யாரும் அப்படிச் சோதித்ததாக அவருக்குத் தெரியாது. நடுங்கிக்கொண்டு உட்காருவது நல்லதும் இல்லை. அதைவிட, அந்த ஆவி மேசையிலிருந்து விலகுவதும், சாப்பிட்ட பிறகு தினமும் நடப்பதும்தான் முக்கியம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் டிகிரி வேறெதையும் பேசவில்லை. "பதினாலுன்னு சொன்னாங்க, கவனிச்சியா? உலகத்துல எத்தனை நம்பர் இருக்கு. என் அறையோட நம்பரைச் சொல்றாங்க."

நடக்கச் சொல்வது சுலபம். எங்கே நடப்பது? தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுத்தது. சூரியன் இறங்கிய பிறகும் சுவர்கள் மூச்சு விட்டன. மூன்று தெரு நடப்பதற்குள் அவளுக்கு முகம் வெந்துபோயிற்று.

வழி கண்டுபிடித்தவர் சூப்பர்வைசர்தான். மூன்றாம் அறையிலிருந்து துரத்தியது அவர் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். கிடங்கில் லாரி ஏற்றும் கூடம் ஒன்று உண்டு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நூற்றிருபது தப்படி, எப்போதும் இருபது டிகிரி. ஐந்து மணிக்குக் கடைசி லாரி போய்விட்டால் ஆறரை வரை காலிதான். நடக்கட்டும் என்றார். பதிவுத்தாளில் எதையும் எழுத வேண்டாம் என்று டிகிரியிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

சலவைக் கூடத்திலும் வேலை மாறியது. அங்கே மேற்பார்வை பார்க்கும் அக்கா அவளை ஆவி மேசையிலிருந்து ஜன்னலோர மடிப்பு மேசைக்கு மாற்றினாள். மாற்றியவள் சும்மா இருக்கவில்லை. தனக்கும் சர்க்கரை இருக்கிறது, தன்னையும் நடக்கச் சொல்லி டாக்டர் நாலு வருஷமாகக் கத்துகிறார், அந்தக் கூடத்தில் இன்னொருத்திக்கு இடம் இருக்குமா என்று கேட்டாள். இருந்தது. அக்காவோடு அவள் ஓரகத்தி வந்தாள். ஓரகத்தியோடு அவள் தையல்கடைத் தோழி வந்தாள். ஐந்தாம் நாள் ஒன்பது பேர் வரிசையாக நடந்தார்கள்.

குளிர்ந்த இடத்தில் கால்கள் தாமாகவே போயின. பெட்டி அடுக்கும் சின்ன வண்டியை ஓட்டும் பெண் வேலை முடிந்தும் போகாமல், அதில் உட்கார்ந்தபடி பின்னாலிருந்து ஹாரன் அடித்து வரிசையை விரட்டினாள். மெதுவாகப் போகிறவர்களை அன்றைய சரக்கில் சேர்த்துவிடப்போவதாக மிரட்டினாள். மாமியார்கள், வாடகை வீட்டுக்காரர்கள், பள்ளிக்கூட மதிப்பெண்கள் என்று ஊர் விஷயம் முழுவதும் நூற்றிருபது தப்படி போய்த் திரும்பி வந்தது. இத்தனை சிரிப்பு அந்தக் கூரைக்குக் கீழே இதுவரை கேட்டதில்லை, பழம் சீக்கிரம் பழுத்துவிடப்போகிறது என்று டிகிரி கவலைப்பட்டான். வயிற்றுக்குள் குழந்தை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு உதை விட்டது. உள்ளே அதுவும் ஏதோ ஒரு சுவரில் போய்த் தொட்டுத் திரும்புகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் வந்தது. அந்தக் கோடையிலேயே அதிகமான வெயில் அன்றுதான்.

விடுதியின் காத்திருக்கும் இடத்துக்குத் தகரக் கூரை. மின்விசிறி அனல் காற்றை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. அவளோடு சேர்த்து அன்று பரிசோதனைக்கு ஆறு பேர். முதல் கட்ட ரத்தம் கொடுத்துவிட்டு, குளுகோஸ் தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். அப்போது வாசலில் ஒரு குளிர்சாதன வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. பக்கவாட்டில் பெரிய மஞ்சள் வாழைச்சீப்பு வரைந்திருந்தது. டிகிரி இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே ஒரு நாற்காலி, மடித்த போர்வை, குடிக்கத் தண்ணீர். ஓடை போல் குளிர் வழிந்து படியில் இறங்கியது.

"என்ன மாப்பிள்ளை, இங்கேயே கடை போடறீங்களா?" என்றார் சித்தி.

"இல்லை அத்தை. வெயில் நம்பரைக் கூட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. அந்த வெயிலை மட்டும் கழிச்சுடலாம்னு." உறைய வைக்க மாட்டேன், இருபதிலேயே நிறுத்தி வைப்பேன் என்று சத்தியம் செய்தான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அந்தக் குளிர் முகத்தில் பட்டபோது கண் தானாக மூடியது. இரண்டு மணி நேரம் இப்படியே இருந்தால் போதும். பிறகு சித்தியின் குரல், கதை, எல்லாம் அவளுக்குத்தான்.

கண்ணைத் திறந்தபோது தகரக் கூரையின் கீழே மற்ற ஐந்து பேரும் தெரிந்தார்கள். கோப்புகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த பருமனான பள்ளிக்கூட டீச்சர் இந்த வண்டியை, கடையில் இருக்கும் பொம்மையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை ஒருமுறை புரண்டது. அதற்கு இந்த வண்டி தெரியாது, கோடு தெரியாது. உண்மையிலேயே சர்க்கரை கூடியிருந்தால் அதற்கு வேண்டியது பெரிய ஆஸ்பத்திரி. இங்கே வரப்போகிற எண் யாருடையதாக இருக்கும்?

அவள் படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

"என்ன ஆச்சு, குளிர் ஜாஸ்தியா?" என்று பதறினான் டிகிரி.

"இதுல உட்கார்ந்து வர்ற நம்பர் வண்டியோட நம்பருங்க. எனக்கு என்னோடது வேணும். பஸ்ல போகணும்னா போறேன். தெரியாம இங்கே இருந்துட்டு, பாப்பாவுக்கு ஏதாவது ஆனா?"

டிகிரி சித்தியைப் பார்த்தான். சித்திதான் பேசினார். பேசுவதற்கு முன் அவர் தகரக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"அடுப்புக்குள்ள உட்கார வெச்சு எடுக்கறது மட்டும் அவளோட நம்பரா? இத்தனை வருஷமா அதைத்தானே எழுதிட்டு இருக்கேன்." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, ஆறு பேருக்கும் ஒரே மாதிரி. குளிரவும் கூடாது, வேகவும் கூடாது. இருபத்தஞ்சு. முடியுமா?"

அவனிடம் யாரும் அவன் வாழ்க்கையில் இவ்வளவு அழகான கேள்வியைக் கேட்டதில்லை.

விடுதியின் வடக்கு மூலையில் துணி அடுக்கும் அறை இருந்தது; கனமான சுவர், சின்ன ஜன்னல். அலமாரிகளை நடைக்கு நகர்த்தினான். ஜன்னலில் ஈர விரிப்பைக் கட்டினான். வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்து பக்கவாசலோடு ஒட்ட நிறுத்தி, கதவைத் திறந்து, மேசை விசிறியால் குளிரை உள்ளே தள்ளினான். தன் கருவியை உட்கார்ந்திருப்பவர்களின் மூக்கு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டான். முப்பத்தாறு. முப்பத்திரண்டு. இருபத்தெட்டு. ஒவ்வொன்றையும் அவன் சொல்லச் சொல்ல, ஆறு பேரும் ஏலம் கேட்பவர்கள் போலத் தலையை நீட்டினார்கள். இருபத்தைந்து புள்ளி மூன்று வந்ததும் சித்தி குளுகோஸ் தண்ணீரைக் கலக்கினார்.

அடுத்த இரண்டு மணி நேரமும் அவன் அந்தக் கதவைக் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது போல அரை அடி திறந்தும் மூடியும் காத்தான். அரைப் புள்ளிகூட நகரவில்லை. உள்ளே ஆறு பேரும் பெயர் வைப்பதைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

முடிவுகளைச் சித்தி முகத்தில் ஒன்றும் காட்டாமல் படித்தார். நூற்றிருபத்தெட்டு. நூற்றுப் பதினைந்து. அவளுடைய முறை வந்தபோது அவர் தாளை இன்னும் கொஞ்சம் தூரத்தில் பிடித்தார்.

"நூத்தி முப்பத்தேழு," என்றார்.

அவளுக்கு முதலில் கூட்டல் கழித்தலே மறந்துபோனது. டிகிரி கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றான். எண் இறங்கியது தினமும் நடந்ததாலா, மேசை மாறியதாலா, இந்த அறையாலா என்று சித்தியைக் கேட்டான். எனக்கென்ன தெரியும், வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தாலும் யாருக்கும் தெரியாது என்றார் சித்தி. நீல மையால் எழுதினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், நடையை ஒருநாள் நிறுத்தினாலும் தோலை உரித்துவிடுவேன் என்று மிரட்டினார். மிரட்டும்போதே அவர் கை அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்ய முயன்று விக்கல் எடுத்தாள்.

கடைசி எண் பள்ளிக்கூட டீச்சருடையது. நூற்றெழுபத்தொன்று. எந்த அறையில் வைத்து எடுத்தாலும் அது கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். டீச்சர் தன் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் தன்னிடம் வேலை கற்றவள்தான், தன்னைவிட இரண்டு மடங்கு பேசுவாள் என்று சித்தி அவரிடம் சொன்னார். டீச்சர் தலையாட்டினார்.

அவள் போய் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க கூட நடக்க வர்றீங்களா, டீச்சர்? சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"இந்த வெயில்லயா?"

"வெயில் இல்லாத இடம். வாழைப்பழம் இருக்கும், ஆனா ஒருத்தரும் தரமாட்டாங்க."

டீச்சருக்கு உதட்டோரம் லேசாக நடுங்கியது. அது சிரிப்பா என்று தெரிவதற்குள், கதவருகிலிருந்து டிகிரி, இருபது டிகிரி இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வரச் சொன்னான்.

ஐந்து மணிக்கு டீச்சர் வந்தார். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியிருந்தார். முதல் சுற்றில் வரிசையின் கடைசியில் நடந்தார். இரண்டாவதில், முன்னால் போகிறவர்கள் கோணல்மாணலாகப் போவதைப் பொறுக்க முடியாமல், நேராகப் போங்கள் என்று ஒரு அதட்டல் போட்டார். ஒன்பது பேரும் தம்மையறியாமல் நேரானார்கள். மூன்றாவது சுற்றில் அவர்தான் முதலில் நடந்தார். ஹாரன் அடிக்க வந்த பெண்ணுக்கு அன்று வேலையே இல்லை.